தொடக்கப் படம்

நாள் 402 · 10:15

பொருநை நிலையம், செவ்வாய். பதிபவர்: பிரிஸ்கா ஆல்வின், கண் படப் பிரிவு.

நிலையத்தில் இருப்பவர் இருவர்: நான், என் மகள் அஜிலா (ஏழு மாதம்). மற்ற ஆறு பேரும் தெற்கே முந்நூறு கிலோமீட்டர் தள்ளிப் பனி துளைக்கும் முகாமில். என் கணவர் ஆல்வின் அங்கே மெக்கானிக். பிள்ளை அளவில் விண்ணுடுப்பு கிடையாது. இந்தச் சுவர்களைத் தாண்டி அவளைக் கொண்டுபோக முடியாது. ஆகவே நானும் இங்கே.

வாராந்திர விழித்திரைப் படம் எடுத்தாயிற்று. இங்கே ஈர்ப்பு குறைவு. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் நரம்பு எப்போது வேண்டுமானாலும் கெடலாம். அதனால் வந்த நாளிலேயே ஒவ்வொருவருக்கும் ஒரு தொடக்கப் படம். அதன்பின் வாராவாரம் எடுப்பதைக் கருவி அதோடு ஒப்பிடும். மாறாவிட்டால் பச்சை, சந்தேகம் என்றால் மஞ்சள், நரம்பிழை மெலிந்தால் சிவப்பு. இந்த முறையை எழுதிக்கொடுத்தவள் நான்தான். முந்தைய பயணங்களையும் சேர்த்து நாலு வருடமாகத் தவறியதில்லை.

எனக்குப் பச்சை. அஜிலாவுக்கும் பச்சை. பால் குடிக்கும்போது கையடக்கக் கருவியை அவள் முகத்துக்கு நேரே பிடித்தால் போதும், முப்பது வினாடி. விளக்கைக் கண்டால் மட்டும் முகத்தை என் நெஞ்சில் புதைத்துக்கொள்வாள். கேப்டன் பொற்செழியன் அவளுக்கு 'வெட்கக்கார மேடம்' என்று பெயர் வைத்திருக்கிறார். கண்ணில் நீர் வடிவது நிற்கவில்லை. காற்று வடிகட்டியை மாற்றினேன்.

பூமியிலிருந்து ஆல்வினின் அக்கா ஸ்டெல்லா: "ஏ பிரிஸ்கா, எம் மருமவ கண்ண ஊரே பாத்தாச்சு கேட்டியா. எம்புட்டுப் பெருசு! உங்க ரெண்டு பேருக்கும் இருக்கது சின்னக் கண்ணு, இவளுக்கு இது எங்கேருந்து வந்து? படத்த வெளிய விடாத, திருஷ்டி பட்டுரும்."

பதில் அனுப்பினேன்: "செவ்வாய்த் தண்ணி மைனி."

நாள் 405 · 16:00

புழுதிப் புயல் தொடங்கிவிட்டது. சூரியத் தகடுகள் அறுபது விழுக்காடு. நிலையத்துக்குப் போதும். முகாமும் நலம். ஆறு நாளில் பூமிக்கும் நமக்கும் நடுவே சூரியன் வந்துவிடும். பதினாறு நாளுக்குப் பூமியோடு பேச்சு கிடையாது. இது எதிர்பார்த்ததுதான். முகாமோடு வானொலி இயங்கும்.

அஜிலா சரியாகத் தூங்கவில்லை. பல் முளைக்கிறதோ.

நாள் 406 · 09:30

கண்ணீர் நிற்காததால் வாரம் முடியுமுன்பே அஜிலாவுக்குப் படம் எடுத்தேன். வலக் கண் படம் மங்கல். கருவியின் வில்லையைத் துடைத்தேன். மறுபடி எடுத்தேன். மறுபடி துடைத்தேன். பிறகுதான் பார்த்தேன்: மங்கல் வில்லையில் இல்லை. அவள் கருவிழியின் மேல் கண்ணாடியில் ஊதியதுபோல் ஒரு படலம்.

படம் பச்சையாக இருந்தால் கண் அழுத்தம் பார்க்கத் தேவையில்லை என்பது விதி. விதியை எழுதியவள் நான். இன்று முதல்முறையாக அவளுக்கு அழுத்தம் பார்த்தேன். வலம் 34. இடம் 31. மூன்று முறை பார்த்தேன். இந்த வயதுக்குப் பத்துப் பன்னிரண்டு இருக்க வேண்டும்.

நாள் 406 · 13:10

அஜிலாவின் தொடக்கப் படத்தைக் கருவியிலிருந்து நீக்கினேன். பயிற்சிக் கோப்பில் பூமிக் குழந்தைகள் நாற்பது பேரின் படங்கள் கிடக்கின்றன. அவற்றோடு ஒப்பிடச் சொன்னேன்.

இரண்டு கண்ணும் சிவப்பு.

கண்ணிலிருந்து நரம்பு வெளியேறும் இடம் ஒரு வட்டம். அதன் நடுவே சிறு குழி. அழுத்தம் இழைகளைக் கொல்லக் கொல்லக் குழி அகலும். வலக் கண்ணில் வட்டமே குழியாகிவிட்டது. விளிம்பில் நூல் கனத்துக்கு ஏதோ மிச்சம். இழைப் படலம் பூமிக் குழந்தைகளுக்குச் சராசரி 106 மைக்ரான். அஜிலாவுக்கு வலம் 41, இடம் 72.

தொடக்கப் படத்தைத் திறந்தேன். பிறந்து ஒன்பதாம் நாள் எடுத்தது. அப்போதே குழி அகலம்.

என்னையும் சேர்த்து மற்ற ஏழு பேரும் பூமியில் சோதித்து, நல்ல கண் என்று சான்று வாங்கி வந்தவர்கள். அவர்களுக்குத் தொடக்கம் என்றால் நலம். இவள் இங்கே பிறந்தவள். நோயோடு பிறந்தாள். அந்த நோயைப் படம் பிடித்து, இதுதான் இவளுடைய நலம் என்று கருவிக்குச் சொல்லிக்கொடுத்தேன். கண் வீங்கிப் பெருத்துக்கொண்டே வந்தது. நாங்கள் அழகு என்றோம்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். நாள் 331-லும் 359-லும் கருவி மஞ்சள் காட்டியிருக்கிறது. காரணம் கேட்டிருக்கிறது. இரண்டு முறையும் நான் 'வளர்ச்சி' என்ற பொத்தானை அழுத்தியிருக்கிறேன். கண் வளர்கிறது, அதனால் படலம் மெலிகிறது என்று. அழுத்தியது ஞாபகம்கூட இல்லை.

படங்கள் அனைத்தையும் பூமிக்கு, மதுரையில் இருக்கும் எங்கள் திட்ட மருத்துவர் மங்கையர்க்கரசிக்கு அனுப்பினேன்.

நாள் 407 · 08:20

மருத்துவர் மங்கையர்க்கரசி: "ஏத்தா பிரிஸ்கா, பாத்தேன். பிறவி கிளாக்கோமாதான். கண்ணுக்குள்ள ஊறுற தண்ணி வெளிய போற வழி அடைஞ்சு கிடக்கு. கத்தி வச்சுத்தான் திறக்கணும். நீ வைக்கப்படாது, அதுக்குக் கை வேற. அடுத்த கப்பல்ல ஒரு கண் சர்ஜன் வர்றாக, நாள் நானூத்தி முப்பத்தொண்ணு. அது வரைக்கும் இடது கண்ணக் காப்பாத்திக் குடுத்துட்டா புள்ளைக்குப் பார்வ இருக்கும். வலது கண்ணப் பத்தி இப்ப பேச வேணாம். மஞ்ச மூடிச் சொட்டு மருந்து, காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஊதா மூடி இருக்கும், அதத் தொடாத. பெரியவங்களுக்கு அது நல்ல மருந்து. கைப்புள்ளைக்கு மூளைக்கு ஏறி மூச்ச நிப்பாட்டிரும்."

மருந்துப் பெட்டியைக் கவிழ்த்தேன். கேப்டனுக்கும் இங்கே வந்தபின் கண் அழுத்தம் உண்டு. அவர் புது மஞ்சள் மூடிப் புட்டியை முகாமுக்குக் கொண்டுபோயிருக்கிறார். இங்கே பாதி தீர்ந்த ஒன்று. அழுத்தம் குறைக்கும் மாத்திரை பட்டியலில் இருக்கிறது, பெட்டியில் இல்லை. ஊதா மூடி நான்கு, முத்திரை உடையாமல்.

நாள் 408 · 11:00

இதை நாள் 431-இல் திறக்கப்போகும் கண் சர்ஜனுக்கு.

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தேவையானவற்றை இனி இங்கே எழுதுகிறேன். எங்கள் தொடக்கப் படத்தை நம்பாதீர்கள். அழுத்தம் இன்று வலம் 27, இடம் 22. மருந்து கேட்கிறது. விளக்கைப் பார்த்தால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அது வெட்கமில்லை, கூச்சம், வலி. ஏழு மாதமாக வலித்திருக்கிறது. நாங்கள் சிரித்திருக்கிறோம்.

ஆல்வினிடம் சொன்னேன். எண்களை மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு: "ஏட்டி, நீ தப்புப் பண்ணேல. கேட்டியா? கருவி பண்ணின தப்பு."

கருவி இரண்டு முறை கேட்டது என்று சொன்னேன்.

"செரி. அப்போ ரெண்டு பேரும் பண்ணினோம். நானும் தானே அவ கண்ணப் பாத்துப் பல்லக் காட்டிட்டு நின்னேன்."

நாள் 410 · 14:40

புட்டியில் எத்தனை சொட்டு என்று தராசில் வைத்துக் கணக்கிட்டேன். பதினாறு, மிஞ்சினால் பதினெட்டு. அதாவது நாள் 418 வரை, அதுவும் இடக் கண்ணுக்கு மட்டும் விட்டால். இன்று காலையிலிருந்து வலக் கண்ணுக்கு மருந்து விடவில்லை.

ஒரு தாய் இதை எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

பூமியோடு தொடர்பு நாளைக் காலை அறுந்துவிடும். மருத்துவரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: மஞ்சள் தீர்ந்துபோய், வேறு வழியே இல்லை என்றால் ஊதாவை எப்படி விடுவது.

நாள் 410 · 16:05

மருத்துவர் மங்கையர்க்கரசி: "அந்தக் கேள்விய ஏங்கிட்டக் கேக்காதத்தா. நான் போடச் சொல்ல மாட்டேன். எங்கயும் எழுதித் தரவும் மாட்டேன். ஆனா நீ கேட்டுட்ட, நாளைலேருந்து உனக்குக் கேக்க ஆளும் இல்ல. தண்ணியில பாதியாக் கலக்கு. ஒரே சொட்டு, ஒரே கண்ணு. மூக்குப் பக்கத்துக் கண் ஓரத்த மூணு நிமிசம் அமுக்கிப் புடி, உள்ள எறங்காம. தூங்க விடாத. மூச்சு நின்னுச்சுன்னா வாயையும் மூக்கையும் சேத்து ஓன் வாயால மூடி, கன்னத்துல இருக்க காத்து மட்டும் ஊது, மூணு வினாடிக்கு ஒண்ணு. சொட்டு விட்டு ஆறு மணி நேரம் ஊதித் தாண்டிட்டா மருந்து எறங்கிரும், அதுவா மூச்சு விடும். ஆறு மணி நேரம்த்தா. ஒரு ஆளா முடியாது. அதனாலதான் சொல்றேன், போடாத."

நாள் 411 · 07:30

பூமி இல்லை.

ஆல்வின் கிளம்பிவிட்டார். கேப்டன் தன் மஞ்சள் மூடிப் புட்டியை எடுத்துக் கொடுத்தாராம். இரண்டாம் ரோவர், தனி ஆள். உறையாமலிருக்கப் புட்டியைச் சட்டைக்குள் வைத்திருக்கிறார்.

ஆல்வின்: "எட்டு நாள்ல வந்துருவேன். பிள்ளைட்ட சொல்லு, அப்பன் மருந்து கொண்டு வாரான்னு. வழியில கடை இருந்தா முறுக்கும் வாங்கிட்டு வாரேன்."

நாள் 414 · 10:00

இடம் 23. வலம் 36. வலக் கருவிழி இப்போது பால் நிறம். கருவி 'படம் எடுக்க இயலவில்லை' என்கிறது. அந்தக் கண்ணின் நரம்பை இனி யாரும் பார்க்க முடியாது. இடக் கண் படம் வருகிறது: 70.

இரண்டு மைக்ரான். ஒரு வாரத்தில்.

நாள் 416 · 15:20

ஆல்வின் நூற்று எழுபது கிலோமீட்டர் வந்திருக்கிறார். புழுதியில் ரோவரின் தகடுகள் மின்சாரம் பிடிக்கவில்லை. பகலில் பாதி நேரம் நின்று ஏற்றிக்கொண்டு, பாதி நேரம் ஓட்டுகிறார்.

ஆல்வின்: "கைத் துண்டக் கொண்டு தகட்டத் துடச்சுத் துடச்சு, உங்க வீட்டுல மாப்ளைய ஏன் இப்படி வேல வாங்குறீங்கன்னு ஒங்கப்பாட்ட கேக்கணும்."

சிரித்தேன். சிரித்ததை அஜிலா கேட்டாள். என் முகம் இருக்கும் பக்கம் திரும்பினாள், கையை நீட்டினாள். கை என் காதுக்கு அருகே காற்றைப் பிடித்தது.

நாள் 418 · 17:00

கடைசிச் சொட்டு. புட்டியைக் குலுக்கினேன். ஒரு துளித் தண்ணீர் விட்டு அலசி அதையும் விட்டேன். இடம் 25.

ஆல்வினுக்கு இன்னும் எழுபது கிலோமீட்டர்.

நாள் 419 · 09:00

இடம் 33.

நாள் 419 · 13:00

இடம் 37. படம் எடுத்தேன். மங்கல் தொடங்கிவிட்டது. படலம் 66, அல்லது 61. கருவியால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பால் குடிக்க மறுக்கிறாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, முஷ்டியால் அழுத்திக்கொண்டு, குரல் போகும்வரை அழுதாள். பத்து வருடமாகக் கண் நரம்பைப் படம் பிடிக்கிறேன். எத்தனை நூறு பேர். ஒரு நரம்பு சாகும்போது எப்படிச் சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. இப்படித்தான் போலிருக்கிறது.

நாள் 420 · 07:10

ஆல்வின்: "ஏட்டி, வண்டி மண்ணுல புதைஞ்சுட்டு. அச்சு வர எறங்கிட்டு. ஒம்பது கிலோமீட்டர்தான். பேட்டரி நாலு சதமானம். உடுப்புல காத்து நாலு மணிக்கூர் இருக்கு. நடந்து வாரேன்."

நாள் 420 · 08:25

ஆல்வின்: "ரெண்டு கிலோமீட்டர் தாண்டிட்டேன்னு நெனைக்கேன். ஒண்ணும் தெரியேல. கைய நீட்டினா கையத் தெரியேல."

அவர் உடுப்பின் சமிக்ஞை என் திரையில் தெரிகிறது. நேரே வரவில்லை. வளைந்துகொண்டே போகிறார். நிலையத்தைப் பக்கவாட்டில் விட்டுவிட்டு, எதுவுமே இல்லாத திசையில். இந்தப் பக்கம் திரும்பச் சொன்னேன். திரும்பினார். பத்து நிமிடத்தில் மறுபடி வளைந்துவிட்டார்.

நாள் 420 · 08:50

இடம் 41.

ஒரு மணி நேரம் நாற்பது நிமிடத்தில் இரண்டு கிலோமீட்டர். இந்த வேகத்தில் நாலு மணி நேரக் காற்று அவரை இங்கே சேர்க்காது. கூட்டிக் கழித்து நான்கு முறை போட்டுப் பார்த்தேன். திரும்பிப் போனால் ரோவர் வரை காற்று போதும், இப்போதே திரும்பினால்.

திரும்பச் சொன்னேன்.

ஆல்வின்: "வாயப் பொத்திட்டு இரி. வாரேன்."

நீங்கள் செத்தால் மருந்தும் உங்களோடு கிடக்கும் என்றேன். அவளுக்கு அப்பா வேண்டும், என்னால் ஒற்றை ஆளாக முடியாது என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், அது பதிவுக்கு வேண்டாம்.

ஆல்வின்: "சட்டைக்குள்ள இருக்கு பிரிஸ்கா. சூடா இருக்கு. நெஞ்சுல இடிச்சுக்கிட்டே இருக்கு."

மிச்சமிருக்கும் காற்றின் அளவைப் படித்துக் காட்டினேன்.

ஆல்வின்: "திரும்பிட்டேன்."

நாள் 420 · 10:40

திரையைப் பார்த்து வழி சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் ரோவருக்குள் ஏறிவிட்டார். பேட்டரி நாலு சதவீதம். புயல் ஓய இரண்டு நாள், மூன்று நாள், தெரியாது. ஓய்ந்தால் தகடு ஏற்றும்.

இடம் 44. படம் வரவில்லை. ஆறு முறை எடுத்தேன். கருவிழி வெண்மை. என் வேலையே கண்ணுக்குள் பார்ப்பது. இப்போது உள்ளே எவ்வளவு மிச்சம் என்று எனக்குத் தெரியாது. அறுபதா, ஐம்பதா, ஏற்கெனவே எல்லாம் போயிற்றா? தெரியாமல்தான் முடிவு செய்ய வேண்டும்.

சர்ஜன் அவர்களே, இன்னும் பதினோரு நாள். நாற்பத்து நாலில் எந்த நரம்பும் பதினோரு நாள் தாங்காது. உங்களுக்கே தெரியும்.

நாள் 420 · 12:30

ஊதா மூடியின் முத்திரையை உடைத்தேன். பாதிக்குப் பாதி தண்ணீர். குழந்தைக்கான சுவாச முகமூடி நிலையத்தில் இல்லை. பெரியவர் முகமூடி அவள் முகத்தையே விழுங்குகிறது. வாயால்தான்.

ஆல்வினிடம் சொல்லாமல் செய்ய நினைத்தேன். முடியவில்லை. சொன்னேன்.

ஆல்வின்: "…செரி. வானொலிய அணைக்காத. நான் இருக்கேன்."

நாள் 420 · 12:40

இடக் கண், ஒரு சொட்டு. கண் ஓரத்தை மூன்று நிமிடம் அழுத்திப் பிடித்தேன்.

12:55 — அழுத்தம் 43. மூச்சு நிமிடத்துக்கு 38.
13:10 — அழுத்தம் 38. மூச்சு 33. அழுகையை நிறுத்திவிட்டாள்.
13:25 — அழுத்தம் 33. மூச்சு 26. கண் செருகுகிறது. பாதத்தைச் சுண்டுகிறேன். ஈரத் துணியால் துடைக்கிறேன். அவள் பெயரைக் கத்துகிறேன்.
13:40 — அழுத்தம் 29. மூச்சு 17.

இரண்டு எண்ணும் சேர்ந்தே இறங்குகின்றன. ஒன்று இறங்க வேண்டும், ஒன்று இறங்கக் கூடாது.

13:48 — அழுத்தம் பார்க்கவில்லை. மூச்சு 9. குரல் பதிவுக்கு மாற்றுகிறேன். இரண்டு கையும் அவளுக்கு வேண்டும்.

நாள் 420 · 13:52 · குரல் பதிவு

நிலையம்: நின்றுவிட்டது. ஊதுகிறேன்.

நிலையம்: நெஞ்சு எழும்புகிறது. நிறம் இருக்கிறது.

ரோவர் 2: "எத்தன வினாடிக்கு?"

நிலையம்: "மூணு."

ரோவர் 2: "நீ எண்ணாத. நான் எண்ணுகேன். ஊது."

ரோவர் 2: "ஊது."

ரோவர் 2: "ஊது."

நாள் 420 · 14:30 · குரல் பதிவு

ரோவர் 2: "ஊது."

ரோவர் 2: "ஊது. வேகமாப் போற. நான் சொல்லும்போ மட்டும். ஊது."

நிலையம்: "பேட்டரி எவ்வளவு?"

ரோவர் 2: "இருக்கு. ஊது."

நிலையம்: "பொய் சொல்லாதீங்க."

ரோவர் 2: "ஊது. ரெண்டு. ஊது. சூடேத்தியை அணைச்சாச்சு, இது ஓடும். ஊது."

நிலையம்: "போடுங்க அத. வெளிய மைனஸ் அறுபது. வானொலிய வச்சிட்டு அதப் போடுங்க."

ரோவர் 2: "பேசிட்டு இருந்தா ஆரு ஊதுவா? ஊது."

நாள் 420 · 15:15 · குரல் பதிவு

நிலையம்: சொட்டு விட்டதிலிருந்து, ஆறில் இரண்டரை மணி நேரம். என் உதடு மரத்துவிட்டது. ஒரு தடவை அவளாக மூச்சு விட்டாள். ஒரே தடவை. அழுத்தம் 22. பார்த்தேன். ஒரு கையால் பார்த்தேன். இருபத்திரண்டு.

ரோவர் 2: "ஊது."

நிலையம்: "இருபத்திரெண்டுங்க."

ரோவர் 2: "கேட்டு. ஊது."

ரோவர் 2: "ஊது."

நாள் 420 · 15:38 · குரல் பதிவு

ரோவர் 2: "ஊது."

ரோவர் 2: "ஊது… பல்லு தந்தியடிக்குது, அதான் கொரலு இப்டி. ஊது."

ரோவர் 2: "ஊது."

ரோவர் 2: "பிரிஸ்கா, இது நின்னாலும் நீ நிறுத்தாத. கேட்டியா. ஊது."

ரோவர் 2: "ஊது."

ரோவர் 2: "ஊ"

15:41 — ரோவர் 2: தொடர்பு இல்லை.

15:41 — நிலையம்: "ஆல்வின்."

15:41 — நிலையம்: ஊதும் ஒலி.

15:41 — நிலையம்: "ஆல்வின், கேக்குதா. இன்னும் மூணு மணி நேரம்." ஊதும் ஒலி. "எண்ணிக்கிட்டேதான் இருக்கீங்கன்னு நெனைச்சுக்கறேன்." ஊதும் ஒலி. "எண்ணுங்க."

15:42 — நிலையம்: ஊதும் ஒலி.

15:42 — நிலையம்: ஊதும் ஒலி.

15:42 — நிலையம்: ஊதும் ஒலி. பதிவு தொடர்கிறது.